சாப்பாட்டு மேசையில் பர்தோ

'டீன் வுல்ஃப்' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரின் மூன்றாவது சீசனை நேற்று மறுபடி பார்த்தேன். பெற்றோரைக் காப்பாற்ற ஸ்காட், ஆலிசன், ஸ்டைல்ஸ் மூவரும் ஐஸ் மிதக்கும் தொட்டியில் மூழ்கிப் பதினாறு மணி நேரம் செத்துப் பிழைக்கிறார்கள். திரும்பி வந்த பிறகு இல்லாததெல்லாம் கண்ணில் படுகிறது. கனவா நனவா என்று தெரியாமல் ஸ்டைல்ஸ் தவிக்கிறான். அப்போதுதான் பள்ளிக்குப் புதிதாக வந்த கீரா, சாப்பாட்டு மேசையில் தயங்கித் தயங்கி அதற்கு ஒரு பெயர் சொல்கிறாள்: பர்தோ.

திபெத்திய மொழியில் 'இடைநிலை' என்று பொருள். சமஸ்கிருதத்தில் அந்தராபவம். சாவுக்கும் மறுபிறப்புக்கும் நடுவே இந்த நிலை 49 நாள் வரை நீளலாம் என்பார்கள் திபெத்திய பௌத்தர்கள். அப்போது இறந்தவருக்குச் சாந்தமான தெய்வங்கள் 42, உக்கிரமானவை 58 தோன்றும். தொடரில் அந்த உக்கிர தெய்வங்கள் பேய்களாகிவிடுகின்றன. அது எனக்கு வருத்தம்தான். திபெத்தில் இறந்தவரின் காதருகே உட்கார்ந்து லாமா படிப்பதே, "பயப்படாதே, நீ பார்ப்பது உன் மனம்தான்" என்று உணர்த்தத்தான்.

ஆனாலும் ஸ்டைல்ஸ் தன் கைவிரல்களை எண்ணும் காட்சி வந்தால் எனக்குத் தொண்டை அடைத்துவிடும். கனவில் விரல் கூடுதலாக இருக்குமாம். அப்புறம் நானும் ஒருமுறை எண்ணிப் பார்த்துக்கொண்டேன்.