கட்டியதை அவிழ்க்க முடியுமா?

2005 தொடக்கத்தில் கடலூர் தேவனாம்பட்டினத்தில் நிவாரண அரிசிக்குப் பெயர் எழுதிக்கொண்டிருந்தேன். வரிசையில் நின்ற பெண் ஒருத்தி தன் பெயரைச் சொல்லாமல் என் காதருகே குனிந்தாள். "அக்கா, கட்டியதை அவிழ்க்க முடியுமா?" எனக்கு விளங்கவில்லை. அடிவயிற்றைத் தொட்டுக் காட்டினாள். இரண்டாவது பிரசவம் முடிந்த கையோடு குடும்பக் கட்டுப்பாடு செய்துகொண்டவள். டிசம்பர் 26 அன்று வந்த சுனாமி அலை அவளுடைய இரண்டு பிள்ளைகளையும் கொண்டுபோய்விட்டது.

கருக்குழாயை மீண்டும் இணைக்கும் அறுவைச் சிகிச்சைக்கு அரசு அப்போது உதவி அறிவித்திருந்தது. அவளுடன் மருத்துவமனைக்குப் போனேன். எந்த இடத்தில் வெட்டினார்கள், எவ்வளவு குழாய் மிஞ்சியிருக்கிறது, அவளுக்கு வயது என்ன, எல்லாவற்றையும் பொறுத்துத்தான் கரு தங்கும் என்றார்கள். ஆபரேஷன் நடந்த நாளில் இதையெல்லாம் அவளிடம் யாரும் சொல்லவில்லை. "ரேகை வைக்கச் சொன்னார்கள், வைத்தேன்" என்றாள். அவளுக்குப் பிறகு குழந்தை பிறந்ததா என்று கேட்பவர்களுக்கு நான் பதில் சொல்வதில்லை. அது அவளுடைய கதை.

அதுவரை பிள்ளை வேண்டாம் என்று சொல்லும் உரிமைக்காக மட்டுமே கூட்டங்களில் பேசிவந்தேன். 1994இல் சிகாகோவில் கூடிய கறுப்பினப் பெண்கள் மூன்றையும் சேர்த்தே கேட்டார்கள் என்பதைப் பின்னால்தான் படித்தேன்: பெற்றுக்கொள்ள, பெறாமலிருக்க, பெற்றதை நல்ல சூழலில் வளர்க்க. உப்பனாற்றங்கரையில் ஆலைகளின் இரசாயன நெடியில் கைக்குழந்தைக்கு முந்தானையால் மூக்கைப் பொத்தும் தாய்க்கு அந்த மூன்றாவதை நான் விளக்க வேண்டியதே இல்லை.

இப்போது வரும் அழைப்புகள் பெரும்பாலும் "நாள் தள்ளிப்போயிருக்கிறது" என்று தொடங்குகின்றன. போன இடத்தில் "வீட்டுக்காரரைக் கூட்டி வா" என்று திருப்பி அனுப்பியிருப்பார்கள். 1971ஆம் ஆண்டுக் கருக்கலைப்புச் சட்டம் அப்படிக் கேட்கவே இல்லை. பதினெட்டு வயது நிறைந்தவளுக்கு அவளுடைய ஒப்புதல் மட்டும் போதும். மணமாகாதவளுக்கும் 24 வாரம் வரை அதே உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2022 செப்டம்பர் 29 அன்று தீர்ப்பளித்தது. அந்தப் பக்கங்களின் நகல் எப்போதும் என் கைப்பையில் இருக்கும். மடிப்பில் கிழியக் கிழியப் புதிதாக எடுத்துக்கொள்கிறேன்.

எனக்கு ஆறாத கோபம் ஒன்று உண்டு. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி நாட்டில் மணமான பெண்களில் 37.9 சதவீதத்தினர் கருத்தடை அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள். கணவர் செய்துகொண்டது 0.3 சதவீதம். ஆணுக்கு அது வயிற்றைத் திறக்காத சின்னச் சிகிச்சை, அன்றே வீட்டுக்கு நடந்து போகலாம். ஆனாலும் கத்தி அவள் வயிற்றைத் தேடித்தான் வருகிறது.

நாளை காலை ஒரு கல்லூரி மாணவியுடன் போகிறேன். ஒன்பது வாரம். இங்கே தெரிந்த முகங்கள் அதிகம் என்று பயப்படுகிறாள், அதனால் புதுச்சேரி. ஆறரை மணிக்குத் திருப்பாதிரிப்புலியூர் பேருந்து நிலையத்தில் நிற்பேன் என்று சொல்லியிருக்கிறேன். "உங்களை எப்படி அடையாளம் கண்டுபிடிப்பது?" என்று கேட்டாள். பச்சைப் புடவை என்றேன்.