பிஎச்டி நேர்காணலில் நானோகுழாய் வந்தால்: முதலில் அறுகோணத்தைப் போடுங்கள்

தேர்வுப் பட்டியல் வந்துவிட்டது, பெயர் இருக்கிறது. இப்போதுதான் நிம்மதியாக மூச்சு விடுகிறேன். நெட் முடித்து, திண்மநிலை இயற்பியலில் நேர்காணலுக்குப் போகிறவர்களுக்காக, எல்லாம் மனதில் பசுமையாக இருக்கும்போதே எழுதிவிடுகிறேன். எழுத்துத் தேர்வைப் பற்றி உங்களுக்குத் தெரியாத எதையும் நான் சொல்லப்போவதில்லை. நேர்காணலில் பாதி நேரம் கார்பன் நானோகுழாயிலேயே (ஓரணுத் தடிமன் கார்பன் தாளான கிராஃபீனைச் சுருட்டிய குழாய்) போனது. அதை மட்டும் சொல்கிறேன்.

தாளை எந்தத் திசையில், எவ்வளவு அகலத்தில் சுருட்டினோம் என்று சொல்லும் (n,m) ஜோடிதான் கைரல் எண்கள். அவை இரண்டின் வித்தியாசம் 3ஆல் வகுபட்டால் உலோகம், இல்லாவிட்டால் குறைகடத்தி. இந்த விதி எல்லோருக்கும் மனப்பாடம். அது கேட்பவருக்கும் தெரியும். அதனால் அடுத்த கேள்வி "ஏன்?" என்றுதான் வரும். என்னிடம் "(13,0) குழாய்க்கு பேண்ட் கேப் எவ்வளவு, போர்டுல போட்டுக் காட்டுங்க" என்றார்கள். பேண்ட் கேப் என்றால் எலக்ட்ரானுக்கு இடமில்லாத ஆற்றல் இடைவெளி.

கிராஃபீனின் பிரில்லுவான் மண்டலத்தை (எலக்ட்ரான் அலைத்திசையன்களின் வரைபடம்), அந்த அறுகோணத்தை, முதலில் வரைந்தேன். மூலைகளில் கே புள்ளிகள். அங்கேதான் ஆற்றல் பட்டைகளின் மேல் கூம்பும் கீழ் கூம்பும் தொட்டுக்கொள்கின்றன. தாளைச் சுருட்டியதும், சுற்றளவை ஒருமுறை சுற்றி வரும் அலை தன்னோடு பொருந்தியாக வேண்டும். ஆகவே அனுமதிக்கப்பட்ட அலைத்திசையன்கள் இணைகோடுகளாகிவிடும். இரண்டு கோடுகளுக்கு நடுவே உள்ள தூரம், 2ஐ விட்டத்தால் வகுத்தது. ஒரு கோடு கே புள்ளி வழியே போனால் உலோகம். போகவில்லை என்றால், மிக அருகில் உள்ள கோடு அந்தத் தூரத்தில் சரியாக மூன்றில் ஒரு பங்கு தள்ளி நிற்கும். 3 எங்கிருந்து வருகிறது என்பதற்கு இதுதான் பதில்.

அந்த விலகலை ஹெச்-பாராலும் (பிளாங்க் மாறிலியை 2πஆல் வகுத்தது) ஃபெர்மி வேகத்தாலும் (அந்தக் கூம்பில் எலக்ட்ரானின் வேகம்) பெருக்கி இரட்டித்தால் பேண்ட் கேப். கார்பன் பிணைப்பு நீளம் 0.142 நானோமீட்டர், ஹாப்பிங் ஆற்றல் (எலக்ட்ரான் பக்கத்து அணுவுக்குத் தாவுவதற்கானது) 2.7 எலக்ட்ரான் வோல்ட் என்று வைத்தால், 0.77ஐ நானோமீட்டரில் உள்ள விட்டத்தால் வகுத்தால் போதும். (13,0)இன் விட்டம் ஏறத்தாழ 1.02, விடை 0.75 எலக்ட்ரான் வோல்ட். இத்தனையும் ஒரே படத்திலிருந்து வந்தது. எனக்குக் கை வரைந்தால்தான் மூளை ஓடும். நீங்கள் வேறு மாதிரி இருக்கலாம், ஆனாலும் இந்தப் படத்தைத் தினம் ஒருமுறை வெற்றுத்தாளில் போட்டுப் பாருங்கள்.

உடனே மடக்கினார்கள்: "அப்போ (9,0) உலோகமா?" விதிப்படி ஆம். ஆனால் வளைவினால் கே புள்ளி கொஞ்சம் நகர்ந்துவிடும், கோடு அதைத் தவறவிடும். 2001இல் ஹார்வர்டில் லீபர் குழு (9,0)க்கு 0.08 எலக்ட்ரான் வோல்ட் இடைவெளியை அளந்தே காட்டியது. ஆர்ம்சேர் குழாய்க்கு (இரண்டு கைரல் எண்களும் சமம்) மட்டும் சமச்சீர் காவல் இருக்கிறது. அங்கே கே நகர்வது கோட்டின் மீதேதான். இந்த ஒரு வாக்கியம் சொன்னதும் அறையின் இறுக்கம் தளர்ந்தது.

வரலாறு கேட்டால் சுருக்கமாக: ஜப்பானிய விஞ்ஞானி ஈஜிமா 1991இல் காட்டியது பல சுவர்க் குழாய், ஒற்றைச் சுவர் 1993. உலோகமா குறைகடத்தியா என்ற கணிப்பு 1992, எஸ்டிஎம்மில் (அணுக்களைக் காட்டும் வருடல் நுண்ணோக்கி) உறுதியானது 1998. கணிப்பு முதலில், சோதனை பிறகு என்ற வரிசையை விடாதீர்கள். எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்ததே அதுதான்.

மற்றவை, கேட்ட வரிசையில்:

- விட்டச் சூத்திரத்தில் n×m உறுப்புக்கு முன்னால் கூட்டலா கழித்தலா? அடிப்படைத் திசையன்களுக்கு இடையே 60 பாகையா 120 பாகையா என்பதை முதலில் சொல்லிவிடுங்கள். 60 என்றால் கூட்டல்.
- ஆர்ம்சேர் குழாயை நீளவாக்கில் வெட்டினால் கிடைப்பது சிக்ஸாக் (வளைந்து வளைந்து போகும்) ஓரம் கொண்ட ரிப்பன். குழாய்க்குப் பெயர் சுற்றளவை வைத்து, ரிப்பனுக்கு ஓரத்தை வைத்து. இதில் நிறையப் பேர் விழுகிறார்கள்.
- உலோகக் குழாயில் இரண்டு சேனல் (எலக்ட்ரான் போகும் வழி), ஸ்பின்னோடு நான்கு. தடை குறைந்தபட்சம் 6.5 கிலோ ஓம் அளவில். குழாய் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் இது போகாது.
- (10,0), (10,10) இரண்டுக்கும் அலகுச்செல்லில் (குழாயில் திரும்பத் திரும்ப வரும் மிகச் சிறிய துண்டு) 40 அணுக்கள்தான். நீளம் மட்டும் வேறு: 0.426, 0.246 நானோமீட்டர்.
- நிலை அடர்த்தி (ஒவ்வொரு ஆற்றலிலும் எத்தனை எலக்ட்ரான் நிலைகள்) வரைபடத்தில் வான் ஹோவ் கூர்முனைகளைப் போடும்போது உலோகக் குழாய்க்கு நடுவில் பூஜ்ஜியம் போட்டுவிடாதீர்கள். அங்கே சிறிய, தட்டையான மதிப்பு உண்டு.