எதிரொலிக்கிற வீட்டுக்கு எந்த ஸ்பீக்கர் வாங்கலாம்?

கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர், தேவகோட்டைன்னு நம்ம செட்டிநாட்டுப் பக்கம் பழைய வீடு வச்சிருக்கவங்க யாராவது ஹோம் தியேட்டர் வாங்கணும்னு வந்து கேட்டா, பட்ஜெட் எவ்வளவுன்னு நான் முதல்ல கேக்குறதில்ல, எந்த அறைல வைக்கப் போறீங்கன்னுதான் கேப்பேன். யூட்யூப்ல ரிவ்யூ போடுறவங்க பெரும்பாலும் அபார்ட்மெண்ட் ஹால்ல உக்காந்து பேசுறாங்க, அங்க சோபா இருக்கு, கனமான திரை இருக்கு, பத்தடில சீலிங் வந்துரும். நம்ம வீட்டுல கீழ ஆத்தங்குடி கல்லு, சுவத்துல முட்டை வெள்ளைக்கருவும் கடுக்காயும் சேத்து வழவழன்னு இழைச்ச சுண்ணாம்புப் பூச்சு, தூணு நிலை கதவு எல்லாம் பர்மா தேக்கு, மேல அண்ணாந்து பாத்தா கழுத்து வலிக்கிற உயரம். சத்தத்த உறிஞ்சிக்க அங்க ஒரு பொருளும் கிடையாது. நடுவுல நின்னு ஒரு தடவை கை தட்டிப் பாருங்க, தட்டின சத்தம் அடங்குறதுக்குள்ள டிவில ஒரு ஆளு மூணு நாலு வார்த்தை பேசி முடிச்சிருவாரு, அந்த வார்த்தையெல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு விழுந்தா எப்படிப் புரியும்? அப்பத்தா "சத்தம் நல்லா கேக்குது, என்ன பேசுறான்னுதான் புரியல"ன்னு சொல்றது காது மந்தத்துனால மட்டும் இல்லைங்க, பாதிக் காரணம் அந்த அறைதான்.

1895ல ஹார்வர்ட்ல புதுசா கட்டின ஒரு லெக்சர் ஹால்ல இதே பிரச்சனை வந்துச்சு, பேசுறது ஒருத்தருக்கும் விளங்கல. வாலஸ் சபைன்னு ஒரு இளம் பேராசிரியர்கிட்ட சரி பண்ணச் சொல்லி ஒப்படைச்சாங்க. காலியா இருக்கப்ப அந்த ஹால்ல சத்தம் அடங்கவே 5.5 செகண்ட் ஆச்சாம். அவரு பக்கத்துல இருந்த தியேட்டர்லேர்ந்து சீட் மெத்தைகள ராத்திரியோட ராத்திரியா தூக்கிட்டு வந்து கொஞ்சம் கொஞ்சமா பரப்பி, மெத்தை கூடக்கூட சத்தம் எவ்வளவு சீக்கிரம் அடங்குதுன்னு அளந்தாரு. இன்னைக்கு உலகம் முழுக்க ஆடிட்டோரியம் கட்டுறவங்க போடுற கணக்கு அதுலேர்ந்து வந்ததுதான். அறையோட கன அளவு கூடினா எதிரொலி கூடும், உறிஞ்சுற பொருள் கூடினா குறையும், அவ்வளவுதான் அதோட சாரம். 20 அடி நீளம், 13 அடி அகலம், 15 அடி உயரத்துல எல்லாப் பக்கமும் கல்லும் சுண்ணாம்பும் மட்டுமே இருக்கற ஒரு காலி அறைக்கு அந்தக் கணக்கப் போட்டுப் பாத்தேன், கிட்டத்தட்ட 4 செகண்ட் வருது. வசனம் தெளிவா கேக்கணும்னா அரை செகண்ட் பக்கத்துல இருக்கணும்.

அதனால வளவுலயும் (நடு முற்றமும் அதைச் சுத்தின தாழ்வாரமும்) பட்டாலைலயும் (பெரிய கூடம்) டிவி வைக்காதீங்க. அது பத்து குடும்பம் பந்தி போட்டு உக்காரக் கட்டின இடம், வேற புள்ளிக்காரங்களும், அதாவது வீட்டுல பங்கு இருக்கற மத்த குடும்பத்துக்காரங்களும், பொழங்குற இடம். கதவு சாத்துற மாதிரி இருக்கற அறைல சின்னதா ஒண்ணு, இல்லன்னா மாடி அறை, அதை ஃபேமிலி ரூமா மாத்துங்க. பரண்ல சும்மா கிடக்கற சமுக்காளத்த எடுத்து விரிங்க, கோரைப்பாய் மட்டும் போட்டா பத்தாது, அது மெல்லிசு. இலவம்பஞ்சு மெத்தைய உக்கார்ற இடத்துக்குப் பின்னாடி சுவத்தோரமா மடிச்சு அடுக்குனா அது செய்யற வேலைய எந்த ஸ்பீக்கரும் செய்யாது, ஏன்னா மெல்லிசு துணி கீச்சு சத்தத்த மட்டும்தான் பிடிக்கும், ஆம்பளைக் குரலோட அடி சத்தத்த அமுக்கணும்னா கனம் வேணும். கெட்டியான திரை ரெண்டு. புத்தக அலமாரி இருந்தா இன்னும் நல்லது. இதுக்கெல்லாம் ஆகுற செலவு ரொம்பக் கம்மி, பாதிப் பொருள் வீட்டுலயே இருக்கு.

இப்ப ஸ்பீக்கருக்கு வர்றேன். பெரிய அறைன்னா பெரிய ஸ்பீக்கர் வேணும்னுதான் கடைல சொல்லுவாங்க, எதிரொலிக்கிற அறைக்கு அது சரிப்படாது. ஸ்பீக்கர்லேர்ந்து நேரா காதுக்கு வர்ற சத்தம் தூரம் ரெட்டிப்பானா 6 டெசிபல் குறையும், சுவத்துல பட்டுச் சுத்துற சத்தம் அறை பூரா ஒரே அளவுலதான் இருக்கும். அப்ப சத்தத்த கூட்டி வச்சா எதிரொலியும் கூடத்தான் கூடும், கிட்டக்க போய் உக்காந்தா மட்டும்தான் நேர்ச் சத்தம் ஜெயிக்கும். ஆறேழு அடில உக்காருங்க. அவ்வளவு கிட்டக்க கேக்கறதுக்கு மூணு இஞ்ச் டிரைவர் (சத்தம் எழுப்புற வட்டம்) வச்ச, சாட்டிலைட்னு சொல்ற குட்டி ஸ்பீக்கர் தாராளமாப் போதும், அதனாலதான் நம்ம வீடுகளுக்கு காம்பாக்ட் செட்டே சரின்னு நான் அடிச்சுச் சொல்றேன். பாக்ஸ் மேல பிஎம்பிஓன்னு (கண நேர உச்ச சக்தி) போட்டிருக்க ஆயிரக்கணக்கான வாட்ஸ கண்டுக்காதீங்க, ஆர்எம்எஸ் (விடாம தர்ற நிஜ சக்தி) எவ்வளவுன்னு பாருங்க, அதுகூட ரெட்டிப்பானா கிடைக்கிறது வெறும் 3 டெசிபல்தான்.

5.1ன்னா முன்னாடி மூணு, பின்னாடி ரெண்டு ஸ்பீக்கர், பேஸுக்கு ஒரு சப்வூஃபர். அதுல வசனம் பெரும்பாலும் வர்றது நடு ஸ்பீக்கர்லேர்ந்து, அதாவது சென்டர்லேர்ந்து. பட்ஜெட் இடிச்சா எங்க வேணா குறைங்க, சென்டர்ல குறைக்காதீங்க. அதை டிவிக்குக் கீழ காதப் பாத்த மாதிரி லேசா நிமித்தி வைங்க, ஷெல்ஃபுக்குள்ள தள்ளி வச்சா குரல் பானைக்குள்ளேர்ந்து வர்ற மாதிரி இருக்கும். ரியர், அதாவது பின் ஸ்பீக்கர், ரெண்டும் முதுகுக்கு நேர் பின்னாடி வேண்டாம், காதுக்குச் சைடுல கொஞ்சம் பின்தள்ளி, இந்த சரவுண்ட் முறையக் கொண்டு வந்த டால்பி கம்பெனி சொல்ற மாதிரி, நேர் முன்னாடிலேர்ந்து 110லேர்ந்து 120 டிகிரில வைங்க, சத்தத்த ஒரு படி குறைச்சே வைங்க.

சப்வூஃபர்ல ஒரு நுணுக்கம் இருக்கு. பெரிய ஸ்பீக்கருக்கு 80 ஹெர்ட்ஸ்ல பிரிச்சு, அதுக்குக் கீழ இருக்கற அடி சத்தத்த சப்வூஃபருக்கு விடச் சொல்லுவாங்க, அதுக்குக் கீழ சத்தம் எங்கேர்ந்து வருதுன்னு காது சரியா கண்டுபிடிக்காது. மூணு இஞ்ச் சாட்டிலைட்டால அவ்வளவு கீழ இறங்க முடியாது, 80ல விட்டா நடுவுல ஒரு பள்ளம் விழுந்து குரல் மெலிஞ்சிரும். 120, 150 வரைக்கும் ஏத்தணும். ஏத்தினா சப்வூஃபர் இருக்கற திசை தெரிய ஆரம்பிக்கும், அதனால அதை மூலைல ஒளிச்சு வைக்காம டிவி பக்கத்துலயே வைங்க. மூலைல வச்சா பேஸ் கூடும்ங்கிறது உண்மைதான், ஆனா கல்லு அறைல அது வெறும் உறுமலாத்தான் வரும்.

வாங்கும்போது பின்பக்கத்த திருப்பிப் பாருங்க. மலிவான 5.1 செட்டுகள் சிலதுல சிவப்பு வெள்ளை ஆக்ஸ் சாக்கெட்டும் ப்ளூடூத்தும் மட்டும்தான் இருக்கும், ரெண்டுமே ஸ்டீரியோதான், முன்னாடி வர்ற சத்தத்தையே பின்னாடியும் விட்டுட்டு 5.1ன்னு பேரு. டிவி சத்தத்த செட்டுக்கு அனுப்புற எச்டிஎம்ஐ ஏஆர்சி சாக்கெட் இல்லன்னா ஆப்டிகல் சாக்கெட், ரெண்டுல ஒண்ணு இருக்கணும், செட்டு டால்பி டிஜிட்டல்ங்கிற 5.1 சத்தத்தப் பிரிச்சு எடுக்கணும் (டிகோட்). டிவி செட்டிங்ல ஆடியோ அவுட்புட் பிசிஎம்ல இருந்தா ஏஆர்சில ரெண்டு சேனல்தான் போகும், ஆட்டோவுக்கோ பிட்ஸ்ட்ரீமுக்கோ மாத்துங்க. சோனி எச்டி-எஸ்20ஆர் இந்த அளவுகோலுக்கு ஒத்து வர்ற செட்டு, முன்னாடி நீளமா ஒரு சவுண்ட்பார், சப்வூஃபர், வயர் வச்ச ரெண்டு ரியர். அதுக்கு மேல எஸ்40ஆர்ல பின்னாடி ரெண்டுக்கும் தனியா ஒரு ஒயர்லெஸ் ஆம்ப் பெட்டி வருது, ஆனா ஸ்பீக்கர்லேர்ந்து அந்தப் பெட்டிக்கு வயர் போகணும், பெட்டிக்கு ஒரு ப்ளக்கும் வேணும். ஒயர்லெஸ்னு கேட்டதும் வயரே இல்லன்னு நினைச்சிராதீங்க.

மேல பாத்து சத்தம் விட்டு சீலிங்ல பட்டுத் திரும்புற டால்பி அட்மாஸ் சவுண்ட்பார் மேல நம்ம வீட்டுல காசு போடாதீங்க. டால்பியே தட்டையான சீலிங் வேணும், 12 அடிக்குள்ள இருந்தா நல்லது, 14 அடிக்கு மேல வேண்டாம்னு சொல்லுது. நம்ம மச்சுல உத்தரமும் கட்டையும் வரி வரியா ஓடுது, பாதி வீட்டுல உயரமும் அந்த 14 அடியத் தாண்டிரும். பக்கச் சுவத்துல மோத விட்டு சரவுண்ட் காட்டுற பாரும் அப்படித்தான், ஒரு பக்கம் வளவப் பாத்துத் திறந்திருந்தா போன சத்தம் போனதுதான்.

ரியருக்கு சுவத்துல துளை போடலாமான்னு கேக்குறவங்களுக்கு: தயவுசெஞ்சு வேண்டாம். அந்தப் பூச்சப் போடத் தெரிஞ்ச கொத்தனார் இன்னைக்கு எத்தனை பேர் இருக்காங்க? அதுவுமில்லாம பங்காளிகளுக்கும் பங்கு இருக்கற சுவரு அது, பேச்சு வரும். ஸ்டாண்டு வாங்குங்க, இல்லன்னா காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருல பழைய சாமான் கடைகள்ல தேக்கு முக்காலி பாருங்க, காது உயரத்துக்கு ரெண்டு கிடைச்சா ஸ்டாண்ட விட உறுதியா நிக்கும், அறைக்கும் பொருந்தும். வயர சமுக்காளத்துக்கு அடில சுவத்தோரமா கொண்டு போங்க, ஆளு மிதிக்கிற வழில வேண்டாம்.

சப்வூஃபர்ல விடாம ஒரு "ம்ம்"னு இரைச்சல் வந்தா, டிவியும் செட்டும் வேற வேற ப்ளக்ல இருக்கான்னு பாருங்க, ஒரே போர்டுல மாட்டினா பெரும்பாலும் நின்னுரும். அதுக்காக எர்த் பின்ன ஒடிக்கிற வேலை மட்டும் வேண்டாம், உயிருக்கு ஆபத்து. பழைய வயரிங்ல எர்த்தே சரியா இருக்காது, எலக்ட்ரீசியனக் கூப்ட்டு அதை முதல்ல பாத்துருங்க.

நோன்புக்கும், முன்னோருக்குப் போடற படைப்புக்கும் மட்டும் வந்து வீட்டத் திறக்குறவங்க, கிளம்பும்போது சுவிட்ச அணைச்சா பத்தாது, ப்ளக்கையும் டிஷ் கேபிளையும் சேத்துக் கழட்டிருங்க, இடி மின்னல் எது வழியாவும் வரும். கோன் சுத்தி ஃபோம் வச்ச ஸ்பீக்கர்னா சும்மா கிடந்தே பொடிஞ்சு போகும், ரப்பர் வச்சதாப் பாத்து வாங்குங்க. எலி வயரக் கடிக்காம இருக்க சுருட்டி மூடி போட்ட தகர டப்பால வச்சிருங்க, சப்வூஃபர தரைல விடாம ஒரு பலகை மேல ஏத்தி பழைய வேட்டியப் போட்டு மூடிட்டுப் போங்க.