அட்டை இருந்தது, பட்டியலில் பெயர் இல்லை

அம்மாவின் பெயர் வாக்காளர் பட்டியலில் மீண்டும் ஏறிவிட்டது. அதற்கு மூன்று மாதங்களும் நான்கு அலைச்சல்களும் ஆயின.

அப்பா மறைந்த பிறகு அம்மா என் வீட்டோடு வந்துவிட்டார். கையில் வாக்காளர் அடையாள அட்டை பத்திரமாக இருந்ததால், முகவரியை மாற்றினால் போதும் என்று எண்ணி அலுவலகத்தில் விசாரித்தேன். அங்கிருந்த எழுத்தர் கணினியைத் திறந்துகூடப் பார்க்காமல், "படிவம் 8 கொடுங்கள், மாற்றிவிடுவார்கள்" என்றார். ஐந்து வாரம் கழித்து, காரணம் எதுவும் இல்லாமல், விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது என்று மட்டும் குறுஞ்செய்தி வந்தது.

அதன் பிறகுதான் அட்டை எண்ணைத் தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் இட்டுத் தேடினேன், பதிவே இல்லை. பழைய முகவரிக்குரிய வாக்காளர் பட்டியல் பாகத்தைப் பதிவிறக்கிப் பக்கம் பக்கமாகப் பார்த்தபோது, அம்மாவின் கட்டத்தின் மேல் நீக்கப்பட்டதற்கான முத்திரை குறுக்காக விழுந்திருந்தது. அருகில் 'எஸ்' என்ற ஆங்கில எழுத்து. இறந்தவருக்கு 'இ', இடம்பெயர்ந்தவருக்கு 'எஸ்', இருமுறை பதிவானவருக்கு 'ஆர்' என்று குறிப்பார்கள். அடுத்த கட்டத்தில் அப்பா, 'இ' என்ற எழுத்துடன் இருந்தார்.

அம்மா வீடு மாறியது உண்மைதான். ஆனால், ஒருவர் அந்த முகவரியில் வசிக்கவில்லை என்று பெயரை நீக்குவதற்கு முன் அவருடைய தரப்பைச் சொல்ல வாய்ப்பளிக்க வேண்டும் என்று 1950ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 22ஆம் பிரிவில் தெளிவாகச் சொல்கிறது. அம்மாவுக்கு எந்த அறிவிப்பும் வந்து சேரவில்லை. பக்கத்து வீட்டில் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் என் தொலைபேசி எண்ணைக் கொடுத்திருப்பார்கள். அந்த ஆதங்கம் எனக்கு இன்னும் தீரவில்லை.

பெயர் நீக்கப்பட்டுவிட்டால் படிவம் 8 செல்லாது. படிவம் 6 தான் கொடுக்க வேண்டும். அது புதிய வாக்காளர்களுக்கான விண்ணப்பம். அம்மா அந்தத் தலைப்பின் மேல் விரலை வைத்து, "ஓட்டுப் போட 21 வயது ஆக வேண்டும் என்றிருந்த காலத்திலேயே, 1977இலேயே போட்டவள் நான். நான் எப்படிப் புதியவள்?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. கையெழுத்துப் போடும்வரை அவர் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

அடுத்த சிக்கல் முகவரிச் சான்று. அம்மாவின் ஆதாரில் பழைய முகவரி இருந்ததால், முதலில் ஆதாரை மாற்றிக்கொண்டு வருமாறு திருப்பி அனுப்பினார்கள். நான் நம்பிக்கையோடு கொண்டுபோன குடும்ப அட்டையும் ஏற்கத்தக்க சான்றுகளின் பட்டியலில் இல்லை. அன்றிரவு படிவத்தை வரிக்கு வரி படித்தேன். விண்ணப்பிப்பவரின் பெயரில்தான் சான்று இருக்க வேண்டும் என்பதில்லை. அதே முகவரியில் ஏற்கெனவே வாக்காளராக உள்ள பெற்றோர், கணவர் அல்லது மனைவி, வயது வந்த பிள்ளை ஆகியோரில் ஒருவர் பெயரில் இருந்தாலும் போதும் என்று அதிலேயே அச்சிட்டிருக்கிறது. மறுநாள் அந்த வரியின் கீழ் பென்சிலால் கோடிட்டு, என் பெயரிலுள்ள வங்கிக் கணக்குப் புத்தகத்தின் நகலோடு நீட்டினேன். எழுத்தர் இருமுறை படித்துவிட்டு, ஒன்றும் பேசாமல் பெற்றுக்கொண்டார். ஒப்புகைச் சீட்டைக் கேட்டு வாங்காமல் நான் நகரவில்லை. அதிலுள்ள எண் இல்லையென்றால் விண்ணப்பம் எங்கே நிற்கிறது என்று பிறகு கேட்க வழியில்லை.

வாக்குச்சாவடி நிலை அலுவலர் வீட்டுக்கு வந்து பத்தே நிமிடத்தில் சரிபார்த்துச் சென்றார்.

வீடு மாறியவர்களும் தனியாக வாழும் முதியவர்களும் அட்டையை நம்பி இருந்துவிடாதீர்கள். பட்டியலில் பெயர் இல்லையென்றால் அட்டையைக் காட்டி வாக்களிக்க முடியாது. பெயர் இருக்கிறதா என்று 1950 என்ற தொலைபேசி எண்ணில் கேட்கலாம். வேட்புமனுத் தாக்கலின் கடைசி நாளுக்குப் பின் அந்தத் தேர்தலுக்காகப் பெயர் சேர்க்கச் சட்டத்தில் இடமில்லை. அதற்கு முன்பும், பெயர் சேர்ப்பதற்கு யாரேனும் மறுப்புத் தெரிவிக்க ஏழு நாள் அவகாசம் விடுவார்கள் என்பதால் கடைசி வாரத்தில் கொடுக்கும் விண்ணப்பம் பயன்படாமல் போகலாம். வாக்காளர் பதிவு அலுவலர் விண்ணப்பத்தை மறுத்தால் 15 நாட்களுக்குள் மாவட்ட அளவில் மேல்முறையீடு செய்யுங்கள்.

புதிய பதிவில் அப்பாவின் பெயரில் ஓர் எழுத்து விடுபட்டிருப்பதை அம்மாதான் கண்டுபிடித்தார். திருத்தத்துக்காக நேற்று படிவம் 8 கொடுத்திருக்கிறோம்.