குடியை நிறுத்திய பிறகு

குடியை நிறுத்துவது ஒரு வாரத்து வேலை. அதற்குப் பிறகு ஒன்றரை, இரண்டு வருடம் நடப்பதுதான் மீட்சி. பல குடும்பங்கள் கையில் இருக்கும் பணம், தெம்பு, பொறுமை எல்லாவற்றையும் அந்த முதல் வாரத்துக்கே கொட்டிவிடுகின்றன. டிஸ்சார்ஜ் ஆனதும் "சரியாயிட்டான்" என்று மூச்சு விடுகிறார்கள். மறுபடி குடி தொடங்குவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான்.

முதலில் அளவைப் பேசுவோம். 180 மி.லி. குவார்ட்டர் பாட்டிலில் 42.8 சதவீதம் என்று அச்சிட்டிருக்கும். கணக்குப் போட்டால் சுத்தமான ஆல்கஹால் சுமார் 61 கிராம். தினம் ஒரு குவார்ட்டர் என்றால் வாரத்துக்கு 425 கிராமைத் தாண்டும். அமெரிக்க அரசின் மது ஆய்வு நிறுவனமான என்.ஐ.ஏ.ஏ.ஏ. ஆண்களுக்கு வாரம் 210 கிராமை எட்டினாலே மிகைக்குடி என்கிறது. "ஒரு குவார்ட்டர்தானே" என்பவர் அதைப்போல் இரண்டு மடங்கில் நிற்கிறார். டாக்டரிடம் அளவைக் குறைத்துச் சொல்லாதீர்கள். நடுக்கத்துக்குத் தரும் மாத்திரையின் டோஸை அந்த அளவை வைத்துத்தான் முடிவு செய்வார்கள்.

தினமும் குடித்தவர், காலையில் கை நடுங்குகிறது என்று கட்டிங் போட்டவர், வீட்டில் ஒரே நாளில் நிறுத்தக் கூடாது. கடைசியாகக் குடித்து 6 மணி நேரத்திலேயே நடுக்கம், வியர்வை, வாந்தி, படபடப்பு ஆரம்பிக்கலாம். முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாள் வரை ஆபத்து அதிகம்: ஆள் அடையாளம் தெரியாது, சுவரில் பூச்சி ஊர்கிறது என்பார், இல்லாத ஆளோடு பேசுவார், காய்ச்சல் அடிக்கும். இதைப் பேய் பிடித்ததாக நினைத்து மந்திரிக்கக் கூட்டிப்போகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சிகிச்சை இல்லாமல் விட்டால் உயிரே போய்விடக்கூடிய நிலை இது. நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நிறுத்துவதும் மறுபடி தொடங்குவதுமாகப் பலமுறை நடந்தவருக்கு, அடுத்த முறை நடுக்கம் முந்தையதைவிடக் கடுமையாக வருவதுண்டு. போன தடவை ஒன்றும் ஆகவில்லையே என்ற தைரியம் இங்கே செல்லாது.

ஆஸ்பத்திரியில் வழக்கமாகக் குளோர்டயாசெபாக்சைடு அல்லது டயாசெபாம் கொடுத்து, ஐந்திலிருந்து ஏழு நாளில் படிப்படியாகக் குறைத்து நிறுத்துவார்கள். கல்லீரல் கெட்டிருந்தால் லோராசெபாம். "தூக்கம் நல்லா வருதே" என்று அந்த மாத்திரையை வீட்டுக்கு வந்தும் தொடர்ந்தால் அதுவே அடுத்த அடிமைத்தனம்.

தெருமுனை கிளினிக்கில் நடக்கும் ஒரு தவறைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நடுங்கிக்கொண்டு வந்தவரைப் படுக்க வைத்து ஒரு குளுக்கோஸ் பாட்டில் ஏற்றி அனுப்புவார்கள். நீண்ட நாள் குடித்தவர் உடம்பில் தயமின், அதாவது வைட்டமின் பி1, வற்றிப்போயிருக்கும். தயமின் இல்லாமல் குளுக்கோஸ் மட்டும் ஏறினால், மிச்சமிருக்கும் கொஞ்சமும் செலவாகி மூளை பாதிக்கப்படலாம். நடை தள்ளாடும், கண் அசைவு தடைபடும், குழப்பம் வரும். கவனிக்காமல் விட்டால் நிரந்தர ஞாபக மறதியில் முடியும். அதனால் பாட்டிலை மாட்டும் முன் "பி1 ஊசி போட்டாச்சா?" என்று கேளுங்கள். கேட்பதற்கு யாரும் கூச்சப்பட வேண்டாம்.

சேரும் இடத்தையும் பார்த்துச் சேருங்கள். வேனில் ஆள் அனுப்பித் தூக்கிப்போகும் மையங்களை நாங்கள் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டோம். 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தின் கீழ் குடியால் வரும் மனநலப் பாதிப்பும் அடங்கும். நோயாளியின் சம்மதத்தோடு சேர்ப்பதே முறை. அவரால் முடிவெடுக்க முடியாத, ஆபத்தான நிலையில் மட்டும் அவருடைய பிரதிநிதியின் விண்ணப்பத்தில், இரண்டு நிபுணர்கள் தனித்தனியே பரிசோதித்த பிறகு, முதலில் 30 நாள் வரை சேர்க்கலாம். உரிமம், மனநல மருத்துவர் வரும் நாள், குடும்பத்துக்கான வகுப்பு, இந்த மூன்றையும் நேரில் கேளுங்கள். சென்னையில் சாந்தி ரங்கநாதன் 1980இல் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை குடும்பத்தாருக்கும் சேர்த்தே சிகிச்சை தந்துவருகிறது. வீட்டார் வராத சிகிச்சை பாதிச் சிகிச்சை என்பது எங்கள் கருத்தும்கூட.

மறுபடி குடிக்காமலிருக்கத் தரும் மருந்துகளில் டைசல்ஃபிராம் எல்லோருக்கும் தெரிந்தது. வழக்கமாக 250 மி.கி., தினம் ஒன்று. கடைசியாகக் குடித்து 12 மணி நேரமாவது ஆன பிறகே தொடங்க வேண்டும். அதன் மேல் குடித்தால் முகம் சிவந்து, தலை வெடிப்பதுபோல் வலித்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் இறங்கும். மாத்திரையை நிறுத்தி இரண்டு வாரம் வரைக்கும் இது நடக்கலாம். அதனால்தான் குழம்பிலோ காபியிலோ தெரியாமல் கலந்து கொடுப்பது கொலைக்குச் சமமான காரியம். விளம்பரத்தில் வரும் பெயரில்லாத பொடியும் சொட்டு மருந்தும் இதே கதைதான். உள்ளே என்ன இருக்கிறது என்று டாக்டருக்கே தெரியாது. காலையில் பல் தேய்த்ததும், மனைவியோ அம்மாவோ பார்க்க, அவரே எடுத்து விழுங்குவதுதான் இந்த மாத்திரை வேலை செய்யும் முறை. இருமல் சிரப், மவுத்வாஷ் வாங்கும்போது ஆல்கஹால் இருக்கிறதா என்று லேபிளைப் பார்க்க வேண்டும். இதய நோய் உள்ளவருக்கு இது ஆகாது. நால்ட்ரெக்சோன் 50 மி.கி. குடிவேட்கையைக் குறைக்கும், டிரமடால் போன்ற ஓபியாய்டு (அபின் வகை) வலிமாத்திரை சாப்பிடுபவருக்குக் கொடுக்கக் கூடாது. அகாம்ப்ரோசேட் சிறுநீரகம் வழியாக வெளியேறுவதால் கல்லீரல் கெட்டவர்களுக்குப் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும், சிறுநீரகத்தைப் பரிசோதித்த பிறகு.

இனி மாலை நேரம். மற்ற எல்லாவற்றையும்விட நாங்கள் அழுத்திச் சொல்வது இதைத்தான்.

"ஐயப்பனுக்கு மாலை போட்டு 48 நாள் தொடாம இருந்தேனே, நான் எப்படி குடிநோயாளி?" என்று கேட்பவர்கள் ஏராளம். அந்த 48 நாளில் என்ன நடந்தது என்று பாருங்கள். விடியற்காலையில் எழுகிறார், பச்சைத் தண்ணீரில் குளிக்கிறார். சாயங்காலம் கூட்டாகப் பஜனை. தெருவே அவரை "சாமி" என்று கூப்பிடுகிறது. குடிகாரர் என்ற பெயர் போய் வேறொரு இடம் கிடைக்கிறது. மாலையைக் கழற்றியதும் இவை எல்லாம் ஒரே நாளில் நின்றுபோகின்றன, குடிக்கக் கிளம்பும் பழைய ஆறு மணி திரும்ப வருகிறது. விரதத்தின் மேல் குறை இல்லை. அதில் வேலை செய்த நான்கு விஷயங்களை, முடிவுத் தேதி இல்லாமல், வேறு வடிவில் அமைத்துக்கொள்ள வேண்டும். ஆறிலிருந்து ஒன்பது வரை இன்ன வேலை என்று எழுதி வைத்திருக்க வேண்டும். டாஸ்மாக் இல்லாத வழியாக வீடு திரும்ப வேண்டும், பத்து நிமிடம் கூடினாலும் சரி. ஆறு மணிக்கு முன் வயிறு நிறையச் சாப்பிட வேண்டும். பசியும் குடிவேட்கையும் ஒன்றுபோலவே தோன்றும். குடியை விட்டவர்கள் ஒருவருக்கொருவர் துணையாகக் கூடும் ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) கூட்டத்துக்கு, முதல் மூன்று மாதம் முடிந்தால் தினமும் போகலாம். 1935இல் அமெரிக்காவின் ஆக்ரனில் இரண்டு பேர் தொடங்கிய கூட்டம் அது. கட்டணம் கிடையாது, முழுப்பெயர் சொல்ல வேண்டியதில்லை.

உடம்பு திரும்பும் வேகம் ஒரே சீராக இருக்காது. கல்லீரல் பாதிப்பைக் காட்டும் ஜி.ஜி.டி. என்ற ரத்தப் பரிசோதனை அளவு சில வாரங்களில் இறங்கும். ரத்தச் சிவப்பணுவின் ஆயுள் 120 நாள் என்பதால் எம்.சி.வி., அதாவது சிவப்பணுவின் சராசரிப் பருமன், இயல்புக்குத் திரும்ப மூன்று, நான்கு மாதம் பிடிக்கும். தூக்கம் பல மாதம் ஒழுங்குக்கு வராது. எரிச்சல் இருக்கும், இனிப்பு கேட்கும். "குடிச்சப்பவே நல்லாயிருந்தான்" என்று வீட்டில் யாராவது சொல்வது இந்தக் கட்டத்தில்தான். தயவுசெய்து அந்த வார்த்தை வேண்டாம்.

சறுக்கல் வரலாம். கல்யாண வீட்டில், சாவு வீட்டில், சம்பள நாளில். ஒரு கட்டிங்கில் தொடங்குவது முழுக் குடியாக மாறக் காரணம், "எல்லாம் போச்சு, இனி என்ன" என்ற எண்ணம். ஆலன் மார்லட் என்ற உளவியலாளர் இதை விரிவாக ஆராய்ந்தார். அன்றிரவே ஒருவருக்குப் போன் செய்து உள்ளபடி சொல்வதுதான் மருந்து. ஆள் கிடைக்காவிட்டால் 14416 (மனநல உதவி எண்) அல்லது 14446 (போதை மீட்பு உதவி எண்). பழைய அளவைக் குடிக்கவே கூடாது. தாங்கும் சக்தி குறைந்திருக்கும், பழைய முழு பாட்டில் இப்போது உயிரையே எடுத்துவிடலாம்.

அப்படியானால் மீண்டவர் யார்? குடிநோயைக் கண்டறிய மருத்துவர்கள் வைத்திருக்கும் 11 அறிகுறிகளில் குடிவேட்கை தவிர மற்றது எதுவும் மூன்று மாதம் இல்லையென்றால் ஆரம்ப நிலைத் தணிவு, 12 மாதம் இல்லையென்றால் நிலைத்த தணிவு. ஆசை எப்போதாவது எட்டிப்பார்ப்பது தோல்வி இல்லை என்று இந்தக் கணக்கே ஒப்புக்கொள்கிறது. அளவாகக் குடிப்பதையும் மீட்சிக்குள் சேர்ப்பவர்கள் உண்டு. ஆனால் ஒருமுறை வலிப்பு வந்தவருக்கு, காலையில் குடித்தால்தான் கை நிற்கும் என்றிருந்தவருக்கு, ஒரு சொட்டும் கூடாது என்பதே எங்கள் உறுதியான நிலை.

வீட்டுக்குள் தெரியும் அடையாளங்கள் வேறு. வரும் நேரத்தைச் சொல்லிவிட்டு அந்த நேரத்துக்கு வருகிறார். கடன் பட்டியலை மறைக்காமல் எழுதி வைத்திருக்கிறார், மாதம் 500 ரூபாயாவது ஒருவருக்காவது திருப்பித் தருகிறார். பிள்ளை கோபமாகப் பேசினால் அதைக் கேட்டுக்கொள்ள முடிகிறது. குடும்பம் செய்ய வேண்டியதும் ஒன்று இருக்கிறது: ஏ.டி.எம். அட்டையையும் ஜிபேயையும் வாங்கி வைத்துக்கொள்ளும் அன்றே, திருப்பித் தரும் தேதியையும் அவரோடு பேசி ஒரு நோட்டில் எழுதிவிடுங்கள். ஆறாம் மாதம் தினச் செலவுப் பணம், ஒன்பதாம் மாதம் பாதிச் சம்பளம், ஓராண்டு முடிந்ததும் அட்டை. இடையில் சறுக்கினால் தேதி எவ்வளவு தள்ளிப்போகும் என்பதும் அதே பக்கத்தில் இருக்கட்டும். தேதி வந்ததும், அவர் கேட்பதற்கு முன்பே, கொடுத்துவிடுங்கள்.