மட்டில் திரை திறக்காமல் மெயில் அனுப்ப

ஐப்பசி, கார்த்திகையில் மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி பக்கம் மழை பிடித்துக்கொண்டால் முதலில் கரண்ட் போகும், பின்னாலேயே நெட்டும் இழுக்க ஆரம்பிக்கும். அரிசி மில்லோ உழவர் உற்பத்தியாளர் நிறுவனமோ, அன்றைய நெல் வரவுக் கணக்கு அன்றைக்கே தஞ்சாவூர் ஆடிட்டர் கைக்குப் போயாக வேண்டும். பிரவுசரில் மெயில் பக்கம் திறக்கவே திணறும் அந்த நெட்டில், மட் (Mutt) ஒரே வரியில் கணக்கை அனுப்பிவிடும். 1995இல் மைக்கேல் எல்கின்ஸ் வெளியிட்ட டெக்ஸ்ட் மெயில் புரோகிராம் இது. பழைய கம்ப்யூட்டரிலும் சிரமமில்லாமல் ஓடும். இதைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அதன் திரையைப் பற்றியே எழுதுகிறார்கள். ஆள் பக்கத்தில் இல்லாதபோதும் வேலை நடக்க வேண்டிய நம் ஊருக்கு அதன் கட்டளை வரி ஆப்ஷன்கள், அதாவது கட்டளையோடு சேர்த்து அடிக்கும் ஹைபன்-எழுத்துக் குறிகள்தான் முக்கியம் என்பது என் கருத்து.

கட்டளைகளைத் தமிழ் ஒலியில் எழுதுகிறேன். டெர்மினலில், அதாவது கட்டளை அடிக்கும் ஜன்னலில், ஆங்கில எழுத்தாகவே அடிக்க வேண்டும். சின்ன எழுத்து, பெரிய எழுத்து வித்தியாசம் மட்டில் மிக முக்கியம். சின்ன ஏ ஃபைலை இணைக்கும், பெரிய ஏ முகவரிப் பெயரை விரித்துக் காட்டும். சின்ன எஃப் மெயில்பாக்ஸைத் திறக்கும், பெரிய எஃப் எந்த அமைப்பு ஃபைலை (மட்டின் செட்டிங்குகள் உள்ள ஃபைல்) படிப்பது என்று சொல்லும். சின்ன எச் உதவி காட்டும், பெரிய எச் வரைவு ஃபைலை எடுத்துக்கொள்ளும். பெரிய எழுத்து வருமிடத்தில் அப்படியே சொல்கிறேன். மற்றதெல்லாம் சின்ன எழுத்து.

அன்றைய வரவு ஒரு சிஎஸ்வி ஃபைலில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வண்டி எண், 40 கிலோ மூட்டை எத்தனை, ஈரப்பதம் எவ்வளவு, அவ்வளவுதான். அதை அனுப்பும் வரி இது:

மட் -எஸ் "நெல் வரவு" -ஏ வரவு.சிஎஸ்வி -- ஆடிட்டர் < கடிதம்.டெக்ஸ்ட்

எஸ் என்பது சப்ஜெக்ட். நடுவில் இடைவெளி இருந்தால் மேற்கோள் குறி கட்டாயம், இல்லாவிட்டால் முதல் சொல் மட்டும் சப்ஜெக்டாகப் போய், அடுத்த சொல்லை மட் வேறாக எடுத்துக்கொள்ளும். ஏ ஆப்ஷன் மற்ற எல்லா ஆப்ஷன்களுக்கும் பின்னால் வர வேண்டும். அதற்குப் பிறகு எத்தனை ஃபைல் வேண்டுமானாலும் வரிசையாக எழுதலாம், ஆனால் ஃபைல்கள் முடிந்து முகவரி தொடங்கும் இடத்தில் இரண்டு ஹைபன் வைத்தே ஆக வேண்டும். அது இல்லாவிட்டால் முகவரியையும் ஒரு ஃபைல் என்று நினைத்து மட் தேடும். அப்படி ஒரு ஃபைல் இல்லை, இணைக்க முடியவில்லை என்று சொல்லி நின்றுவிடும். பிழைச் செய்தியில் மெயில் முகவரியே ஃபைல் பெயராக வந்திருந்தால் காரணம் இதுதான், வேறெங்கும் தேட வேண்டாம்.

இதில் இன்னொரு சிக்கல் உண்டு. கட்டளையை வேர்டிலோ போனிலோ எழுதி அனுப்பினால், சில சமயம் இரண்டு ஹைபனை ஒட்டி ஒரே நீளக் கோடாகவும், நேர் மேற்கோளை வளைந்த மேற்கோளாகவும் அது தானாகவே மாற்றிவிடும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும், கட்டளையைப் படிக்கும் ஷெல்லுக்கு அப்படி இல்லை. கட்டளைகளை டெக்ஸ்ட் ஃபைலாகவே கொடுத்து வாங்குங்கள்.

கடைசியில் உள்ள < குறிதான் மட்டைத் திரை திறக்காமல் அனுப்ப வைக்கிறது. கடிதத்தின் உடல் அந்த ஃபைலிலிருந்து வரும். உடலே வேண்டாம், இணைப்பு மட்டும் போதும் என்றால் அந்த இடத்தில் /டெவ்/நல் (எப்போதும் காலியான ஃபைல்) என்று கொடுங்கள். குறியையே விட்டுவிட்டால் எடிட்டர் திறந்து நிற்கும். சி (c), பி (b) இரண்டும் நகலுக்கும் மறைநகலுக்கும். ஆளுக்கொரு தடவை ஆப்ஷனைத் திரும்ப எழுதிவிடுவது பாதுகாப்பு.

மேலே முகவரி இருக்க வேண்டிய இடத்தில் 'ஆடிட்டர்' என்று மட்டும் எழுதியிருக்கிறேன், அது அமைப்பு ஃபைலில் பதிந்த சுருக்கப் பெயர். கட்டளை வரியிலும் அது வேலை செய்யும். ஆனால் பெயர் பதிவில் இல்லாவிட்டால் மட் எச்சரிப்பதில்லை, அந்தச் சொல்லையே முகவரியாக எடுத்துக்கொள்ளும். அதனால் முதலில் 'மட் -ஏ ஆடிட்டர்' என்று பெரிய ஏ போட்டுப் பாருங்கள். முழு முகவரி வந்தால் சரி. கொடுத்த பெயரே திரும்ப வந்தால் அந்தச் சுருக்கம் பதிவில் இல்லை, வெளியேறும் எண்ணும் (முடியும்போது புரோகிராம் ஷெல்லிடம் விட்டுப்போகும் எண்) 1 ஆக இருக்கும். கட்டளைகளை வரிசையாக எழுதி வைத்து ஓட்டும் ஸ்கிரிப்டில் இந்த எண்ணைப் பார்த்தே அனுப்பலாமா வேண்டாமா என்று முடிவு செய்யலாம். சுருக்கங்களைத் தனி ஃபைலில் வைத்திருப்பவர்கள் அந்த ஃபைலை சோர்ஸ் கட்டளையால் உள்ளே இழுத்திருக்கிறார்களா என்றும் பார்க்க வேண்டும். அலியாஸ் ஃபைல் அமைப்பு, புதுப் பெயரை எங்கே எழுதுவது என்று மட்டும்தான் சொல்கிறது. அதைப் படிக்கச் சொல்வதில்லை.

ஸ்கிரிப்டுக்கென்று தனி அமைப்பு ஃபைல் வைத்துக்கொள்வது நல்லது. பெரிய எஃப் ஆப்ஷனால் அதைச் சுட்டுங்கள், கூடவே என் (n) ஆப்ஷனையும் சேருங்கள். என் போட்டால் கம்ப்யூட்டர் முழுமைக்குமான பொது அமைப்பை மட் படிக்காது, யாரோ அங்கே மாற்றியது உங்கள் கணக்கைக் கெடுக்காது. ஒரு தடவைக்கு மட்டும் எதையாவது மாற்ற வேண்டுமானால் இ (e) ஆப்ஷன். அமைப்பு ஃபைல்களைப் படித்து முடித்த பிறகே இ கட்டளை ஓடும், அதனால் கடைசி வார்த்தை அதனுடையதுதான். ஆனால் பாஸ்வேர்டை மட்டும் இ வழியாகக் கொடுக்காதீர்கள். கட்டளை ஓடும் நேரத்தில் ஓடும் புரோகிராம்களைக் காட்டும் பிஎஸ் கட்டளையை அடிக்கும் யாருக்கும் அது தெரியும். பாஸ்வேர்டு உள்ள அமைப்பு ஃபைலுக்கு 600 அனுமதி (உங்களால் மட்டும் படிக்க, எழுத முடியும்) வைத்துவிடுங்கள். ஜிமெயில் என்றால் சாதாரணப் பாஸ்வேர்டு 2022 மே இறுதியிலிருந்து இப்படிப்பட்ட புரோகிராம்களுக்கு வேலை செய்வதில்லை. இரண்டு படி சரிபார்ப்பை இயக்கி, 16 எழுத்து ஆப் பாஸ்வேர்டு எடுக்க வேண்டும்.

மெதுவான நெட்டில் முக்கியமான ஒரு அமைப்பு, காப்பி. அனுப்பிய மெயிலின் நகலை மட் எங்காவது சேமிக்கும். அந்த இடம் ஐமேப் சர்வரில் (மெயில்பாக்ஸை வைத்திருக்கும் தொலைதூரக் கம்ப்யூட்டர்) இருந்தால் அதே இணைப்பு இரண்டாம் முறையும் மேலே ஏறும். ஜிமெயில் வழியாக அனுப்பினால் அனுப்பியவை பகுதியில் நகல் தானாகவே விழுந்துவிடும் என்பதால், இ ஆப்ஷனில் 'செட் காப்பி=நோ' கொடுத்தால் பாதி டேட்டா மிச்சம். இணைப்பு மெயிலுக்காக பேஸ்64 என்ற எழுத்து வடிவமாக மாறும்போது மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பெருக்கும். ஜிமெயிலின் 25 எம்பி வரம்பு என்பது நடைமுறையில் ஏறத்தாழ 18 எம்பி ஃபைல்தான். ஸ்கேன் செய்த ரசீதுகளைக் கட்டாக அனுப்புகிறவர்கள் கவனிக்க.

கையால் அடித்தால் சரியாகப் போகிற மெயில், குறித்த நேரத்தில் கட்டளையைத் தானாக ஓட்டும் கிரானில் போட்டால் தமிழ் எழுத்தெல்லாம் கேள்விக்குறியாகப் போகும். கிரான் உங்கள் மொழி அமைப்பை எடுத்துக்கொள்வதில்லை. மொழியைச் சொல்லும் லாங் மாறி காலியாக இருப்பதால் வெறும் ஆங்கில எழுத்துத்தொகுதிதான் இருக்கிறது என்று மட் முடிவு செய்து, தெரியாத எழுத்துக்கெல்லாம் கேள்விக்குறி போட்டுவிடுகிறது. கிரான்டேப் (கிரானின் கட்டளைப் பட்டியல் ஃபைல்) தலைப்பில் 'லாங்=சி.யுடிஎஃப்-8' என்ற வரியைச் சேர்த்தால் சப்ஜெக்டும் உடலும் சரியாகிவிடும். அதே கிரான்டேப்பில் சதவீதக் குறி இருந்தால் அது புது வரியாகப் பொருள்படும். சப்ஜெக்டில் தேதி சேர்க்கச் சதவீதக் குறியோடு டேட் கட்டளை எழுதினால் அந்த இடத்திலேயே கட்டளை முறிந்துவிடும். சதவீதக் குறிக்கு முன் பின்சாய்வுக் கோடு வைக்கலாம், அதைவிட எல்லாவற்றையும் ஒரு ஸ்கிரிப்ட் ஃபைலில் எழுதி அதன் பெயரை மட்டும் கிரான்டேப்பில் கொடுப்பது மேல். அந்த ஸ்கிரிப்டைச் சோதிக்கும்போது சூழல் மாறிகளைக் காலியாக்கும் 'என்வ் -ஐ' வைத்து, ஹோம், பாத், லாங் மூன்றை மட்டும் கொடுத்து ஓட்டிப் பாருங்கள். கிரானில் என்ன நடக்குமோ கிட்டத்தட்ட அதுவே கண்முன் நடக்கும்.

வெளியேறும் எண் 0 வந்தால் மெயில் போய்ச் சேர்ந்துவிட்டது என்று பொருளில்லை. அடுத்த புரோகிராமிடம் ஒப்படைத்தாயிற்று, அவ்வளவுதான். சென்ட்மெயில் வெயிட் அமைப்பு -1 என்று இருந்தால் அந்த ஒப்படைப்புக்குக்கூட மட் காத்திருக்காது, எல்லாம் வெற்றி போலவே தெரியும். மட்டே நேராக ஜிமெயில் சர்வருக்குப் பேசும்படி வைத்திருந்தால், நெட் இல்லாத அந்த நிமிடத்தில் மெயில் தோற்றுவிடும், மறுமுயற்சி உங்கள் ஸ்கிரிப்டின் பொறுப்பு. அதனால் டெல்டாவில் கம்ப்யூட்டரிலேயே போஸ்ட்ஃபிக்ஸ் என்ற மெயில் அனுப்பும் புரோகிராமை வைத்து, மட்டை அதனிடம் கொடுக்கச் சொல்வதைத்தான் நான் பரிந்துரைப்பேன். நெட் வரும்வரை அது வரிசையில் வைத்து மறுபடி மறுபடி முயலும். இயல்பான காலக்கெடு 5 நாள். 2018 நவம்பர் 16இல் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறிய பிறகு பல ஊர்களில் கரண்ட் வரவே அதைவிட அதிக நாளானது. புயல் எச்சரிக்கை வந்தால் அந்தக் காலக்கெடுவை நீட்டி வையுங்கள். மெயில்கியூ என்று அடித்தால் நிற்கும் மெயில்கள் தெரியும், 'போஸ்ட்கியூ -எஃப்' உடனே அனுப்ப முயலும்.

கரண்ட் போய் வந்ததும் சர்வரோடு தொடர்பே கிடைக்கவில்லை, அதன் அடையாளச் சான்றிதழ் இன்னும் செல்லுபடியாகவில்லை என்று மட் சொல்கிறதா? கம்ப்யூட்டரின் கடிகாரத்தைப் பாருங்கள். மதர்போர்டு பேட்டரி தீர்ந்த பழைய கம்ப்யூட்டரில் தேதி பல வருடம் பின்னால் போயிருக்கும். ராஸ்பெர்ரி பையின் பழைய மாடல்களில் கடிகாரச் சிப்பே கிடையாது. திரையில் என்றால் ஏற்கட்டுமா என்று மட் கேட்கும், ஸ்கிரிப்டில் கேட்க ஆளில்லை. பேட்டரியை மாற்றுங்கள். சான்றிதழ்ச் சோதனையை அணைத்து வைப்பது கூடாது.

வந்த மெயிலைப் பார்க்கவும் சில ஆப்ஷன்கள் உண்டு. பெரிய ஆர் போட்டால் மெயில்பாக்ஸ் படிக்க மட்டும் திறக்கும், தவறி அழித்துவிடும் பயமில்லை. ஒய் எல்லா மெயில்பாக்ஸ்களின் பட்டியலோடு தொடங்கும். பெரிய இசட், புது மெயில் உள்ள முதல் மெயில்பாக்ஸைத் திறக்கும். புதிது எதுவும் இல்லாவிட்டால் திறக்காமலே 1 என்ற எண்ணோடு வெளியேறிவிடும். இதற்கு மெயில்பாக்ஸஸ் வரி அமைப்பில் இருக்க வேண்டும். பி (p), எழுதிப் பாதியில் நிறுத்திய கடிதத்தை எடுத்துத் தரும்.

எதுவுமே பிடிபடாவிட்டால் 'மட் -வி'. வரும் பட்டியலில் யூஸ்_எஸ்எம்டிபி என்பதற்கு முன் கூட்டல் குறி இருக்கிறதா, கழித்தல் குறியா என்று பாருங்கள். கழித்தல் என்றால் உங்கள் மட்டால் நேராக சர்வரோடு பேச முடியாது, அமைப்பில் எதை மாற்றியும் பயனில்லை. பெரிய க்யூ ஒரு அமைப்பின் இப்போதைய மதிப்பைச் சொல்லும், பெரிய டி எல்லாவற்றையும் கொட்டும். டீபக் என்பதற்கு முன் கூட்டல் இருந்தால், 'மட் -டி 2' என்று சின்ன டியோடு ஓட்டினால் ஹோம் ஃபோல்டரில் .மட்டீபக்0 என்ற ஃபைலில் நடந்தது அத்தனையும் பதிவாகும். உதவி கேட்டு யாருக்காவது அந்த ஃபைலை அனுப்பும் முன் ஒருமுறை படித்து, முகவரிகளையும் கணக்குப் பெயரையும் எடுத்துவிடுங்கள்.