மில் கூரையிலிருந்து இறங்கிய 2 பேனல்கள்

உடுமலையில் எங்கள் வீட்டில் ஏற்கெனவே ஒரு யு.பி.எஸ்.ஸும் 150 ஏ.எச். ட்யூபுலர் பேட்டரியும் இருந்தன. பராமரிப்புக்காக மின்சாரம் நிறுத்தும் நாளில் காலை 9 மணிக்குப் போனால் மாலைதான் வரும். மதியத்துக்குள் பேட்டரி படுத்துவிடும். ஃபேன் நின்றால் அம்மாவுக்கு மூச்சு முட்டும். சோலார் போட அது ஒன்றுதான் காரணம். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் போக எங்கள் பில்லே சின்னது, அதில் மிச்சம் பிடிக்கப் பெரிதாக ஒன்றுமில்லை. பிரதமர் சூர்யா கர் மானியம் மின்வாரிய லைனோடு சேரும் அமைப்புக்குத்தான். பேட்டரி இல்லாத அந்த அமைப்பு, லைனில் கரண்ட் போனதும் கம்பத்தில் வேலை செய்பவரின் பாதுகாப்புக்காகத் தானும் நின்றுவிடும். எனக்கு வேண்டியது நேர் எதிரானது.

புது 540 வாட் பேனல்தான் முதலில் பார்த்தேன். நீளம் 2.28 மீட்டர். எங்கள் மாடிப்படி வளைவில் அது திரும்பாது. அப்போதுதான் ஒரு நூல் மில்லின் கூரையிலிருந்து கழற்றிய 325 வாட் பாலி (பழைய நீல நிற வகை) பேனல்கள் கோவையில் ஒரு பழைய பொருள் கடைக்கு வந்திருப்பது தெரிந்தது. ஒன்று 3,500 ரூபாய்.

மல்டிமீட்டரோடு போனேன். "மீட்டர் வெச்சே பாத்துக்கங்க தம்பி, ஆகாதத எடுத்துட்டுப் போகச் சொல்ல மாட்டேன்" என்றார் கடைக்காரர். ஆறு பேனல்களை வெயிலில் வரிசையாகச் சாய்த்து வைத்து அளந்தோம். லேபிளில் திறந்த நிலை வோல்டேஜ், அதாவது எதையும் இணைக்காதபோது வருவது, 45.8 என்றிருந்தது. ஐந்தில் 41-லிருந்து 42 வரை வந்தது. அது குறையில்லை. லேபிள் கணக்கு செல்லின் சூடு 25 டிகிரியாக இருக்கும்போது எடுத்தது, வெயிலில் கிடந்த பேனல் கைவைக்க முடியாத சூட்டில் இருந்தது. ஆறாவதில் 27 வோல்ட்தான். சரியாக மூன்றில் ஒரு பங்கு காணவில்லை. பின்பக்கப் பெட்டிக்குள் மூன்று பைபாஸ் டயோடுகள் இருக்கும், ஒவ்வொன்றும் 24 செல்லைப் பார்த்துக்கொள்ளும், அவற்றில் நிழல் விழுந்தால் கரண்டைச் சுற்றுவழியில் விடும். ஒன்று ஷார்ட் ஆனால் இப்படித்தான் காட்டும். வோல்டேஜோடு நிறுத்தியிருந்தால் இன்னொன்றில் ஏமாந்திருப்பேன். ஷார்ட் சர்க்யூட் கரண்ட், அதாவது பேனலின் இரண்டு முனைகளையும் மீட்டர் வழியாக நேரே சேர்த்தால் ஓடுவது, பார்த்தபோது நான்கில் 7 ஆம்பியர் சுற்றி வர, ஒன்றில் மட்டும் 5.2. கண்ணாடிக்கு அடியில் செல்கள் பழுப்பேறியிருந்தன. மீதி நான்கில், பின்பக்கத்தை மூடியிருக்கும் பிளாஸ்டிக் தாள் வெடிக்காத இரண்டை எடுத்தேன்.

வீட்டில் முதல் நாள் மனசு உடைந்துவிட்டது. பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவில் சார்ஜைக் கட்டுப்படுத்த ஒரு கன்ட்ரோலர் வேண்டும். கையிலிருந்த பி.டபிள்யூ.எம். என்ற எளிய வகைக் கன்ட்ரோலரில் ஒரு பேனலைக் கொடுத்தேன். நடுப்பகலில் 8 ஆம்பியர், 13 வோல்ட், அதாவது 104 வாட். 325 வாட் எங்கே போனது? பேனல் நல்ல பேனல்தான். அது 72 செல், வேலை செய்யும் வோல்டேஜ் 37. பி.டபிள்யூ.எம். பேனலை நேரே பேட்டரியோடு சேர்த்துவிடும். பேட்டரி அதை 13 வோல்ட்டுக்கு இழுத்துக்கொள்ளும், மேலே உள்ளது அப்படியே வீண். 36 செல் பேனலுக்கு அந்தக் கன்ட்ரோலர் பொருந்தும், இதற்குப் பொருந்தாது. பேனலை அதன் வோல்டேஜிலேயே ஓடவிட்டு, மிகுதி வோல்டேஜைக் கூடுதல் கரண்டாக மாற்றித் தரும் எம்.பி.பி.டி. கன்ட்ரோலர் வாங்கி மாட்டினேன். விலை இரண்டு பேனல்களின் விலைக்குக் கொஞ்சம்தான் குறைவு. ஆனால் அதே பேனல், அதே நேரம், 235 வாட். பேனல் வாங்கும் முன்பே கன்ட்ரோலரை முடிவு செய்திருக்க வேண்டும்.

இரண்டு பேனல்களையும் இணையாகத்தான் கொடுத்திருக்கிறேன். தொடராகக் கொடுத்தால் 91 வோல்ட்டுக்கு மேல் போகும், என் கன்ட்ரோலரின் வரம்பு 60. சார்ஜ் கரண்டை 20 ஆம்பியரில் நிறுத்திவைத்தேன், 150 ஏ.எச்.சுக்கு அது போதும். அப்படியென்றால் நடுப்பகலுக்கு ஒரு பேனலே ஏறக்குறைய போதுமே, இரண்டாவது எதற்கு என்று தம்பி கேட்டான். காலை 8 மணிக்கும் மேகமூட்ட நாளுக்கும்தான் அது. இந்த அமைப்பில் மலிவான பொருளே பேனல்தான். அதைக் கூடுதலாகப் போடுவதில் எனக்குத் தயக்கமே இல்லை.

பேனல்களைத் தாங்கும் சட்டத்துக்குச் செலவைக் குறைக்கவில்லை. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஆடியில் இங்கே எப்படி அடிக்கும் என்பது ஊரைச் சுற்றி நிற்கும் காற்றாலைகளைப் பார்த்தாலே தெரியும். கான்கிரீட் கட்டையில் போல்ட் பதித்து, இரும்பு ஆங்கிளில் தெற்கு பார்த்து 11 டிகிரி சாய்வு. ஆடி முழுக்க அசையவில்லை. கன்ட்ரோலரைப் பேட்டரிக்குப் பக்கத்திலேயே வைத்து, இடையில் ஒரு ஃப்யூஸ்.

ஒரு விஷயம் இரண்டு வாரம் கழித்தே பிடிபட்டது. யு.பி.எஸ். லைனிலிருந்தே பேட்டரியை நிரப்பிவிடுவதால் வெயிலுக்கு வேலையே இல்லை. இப்போது காலை 8 மணிக்கு அதன் பிளக் சுவிட்சை அணைத்து மாலை 5 மணிக்குப் போடுகிறோம். குறைந்த மின்சாரத்தில் ஓடும் 30 வாட் பி.எல்.டி.சி. ஃபேன் இரண்டு, லைட்டுகள், ரவுட்டர் எல்லாம் பகலில் வெயிலிலேயே ஓடுகின்றன. போன பராமரிப்பு நாளில் மாலை மின்சாரம் வந்தபோது பேட்டரி 12.9 வோல்ட் காட்டியது, அதாவது படுக்கவே இல்லை. அம்மா மதியம் நன்றாகத் தூங்கினார்.

தென்மேற்கில் பக்கத்து வீட்டுத் தென்னை நிற்கிறது. இப்போது 4 மணிக்கு மேல் ஒரு மட்டையின் நிழல் இரண்டாவது பேனலின் ஓரத்தைத் தொடுகிறது, அந்த ஒரு மட்டைக்கே கரண்ட் பாதியாகிறது. மார்கழியில் சூரியன் தெற்கே சாயும்போது நிழல் இன்னும் உள்ளே வரும். அதற்குள் பேனல் சட்டத்தைக் கிழக்கே நகர்த்த இடம் அளந்துவைத்திருக்கிறேன்.